ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை: அம்பாசமுத்திரம் வட்டார மருத்துவமனை ஒன்றின் பயிற்சி நிதி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் 60 படுக்கை மருத்துவமனையில் நான் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். 2023 ஜூலை முதல் 2025 மார்ச் வரை எங்களிடம் நடந்ததை இங்கே எழுதுகிறேன். நோயாளிகள், ஊழியர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தேதிகளும் கணக்கும் எங்கள் பதிவேட்டில் உள்ளபடிதான்.

அப்போது எங்களிடம் 31 செவிலியர்கள். அவர்களோடு டயாலிசிஸ், லேப், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்களும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டுமாக 12 பேர். மாதத்துக்கு 20, 25 பிரசவம் நடக்கும். வருகிறவர்களில் பாதிக்கு மேல் முக்கூடல், பாப்பாக்குடி பக்கத்துப் பீடி சுற்றும் குடும்பங்கள். எங்களால் முடியாததைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவோம். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர்.

செவிலியர் பதிவை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்த 5 ஆண்டுக்குள் 150 மணி நேரம் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதி. மாநில நர்சிங் குழுமத்தின் ஒப்புதல் பெற்ற வகுப்புக்குத்தான் மணிக்கணக்கு கிடைக்கும். அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி நாள் டியூட்டி நாளாகவே கழியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு சிஸ்டருக்கு 21 நாள் பிரசவப் பயிற்சி என்றால் அரசே அனுப்பி வைக்கும். அதே ஊரில், அதே படிப்பு படித்து, தனியார் மருத்துவமனையில் இருப்பவர் சொந்த லீவில், சொந்தக் காசில்தான் போக வேண்டும். எங்கள் மருத்துவமனையிலும் 2023 வரை அப்படித்தான் இருந்தது. அதை நானும் இயல்பாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

2023 ஜூலை: ஓர் இரவு

இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு இரவு 1.40க்குச் சுகப்பிரசவம். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் போட்டாயிற்று, நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. லேபர் ரூமில் ஒரே ஒரு நர்ஸ்தான். 12 ஆண்டு அனுபவம் உள்ளவர், கை சுத்தம், பொறுமைசாலி. மற்றொருவர் பொது வார்டில் இருந்தார்.

சார்ட்டில் 2 மணிக்கு நாடித்துடிப்பு 96, 2.20க்கு 112, 2.45க்கு 128. ரத்த அழுத்தம் மட்டும் 2.45 வரை சரியாகவே இருந்தது. ‘ரத்தப்போக்கு’ என்ற கட்டத்தில் மூன்று முறையும் ‘மிதம்’ என்று எழுதியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டது 2.50க்கு. அவர் வந்து கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்து, இரண்டாவது ஊசி வழி போட்டு, 3.20க்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் கொடுத்தார். 4 மணிக்கு 108 வண்டி ஐகிரவுண்டுக்குக் கிளம்பியது. அங்கே 3 யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போனார்கள்.

காலை 6 மணிக்கு நான் போனபோது நனைந்த பேடுகள் வாளியிலேயே கிடந்தன. அவற்றைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, பிறந்த குழந்தையை எடை போடுகிற தராசில், கீழே இன்னொரு கவர் விரித்து வைத்தேன். உலர்ந்த பேடு, கவர் எடையைக் கழித்தால் 940 கிராம். ரத்தத்தில் ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். மெத்தை விரிப்பில் ஊறியதும் தரையில் போனதும் இந்தக் கணக்கில் வராது. பிரசவத்துக்குப் பின் 500 மில்லியைத் தாண்டினாலே ஆபத்து என்பது பாடம். அந்த நர்ஸ் தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். “கண்ணுக்கு இவ்வளவு தெரியலையேக்கா” என்றார். கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் தெரியும். ரத்தம் பேடில், துணியில், வாளியில் என்று பிரிந்து கிடக்கும்போது யாருக்கும் மொத்தம் தெரியாது.

மெமோவா, பயிற்சியா

நிர்வாகம் அவருக்கு மெமோ கொடுக்கச் சொன்னது. தாமதமாகக் கூப்பிட்டார் என்பது உண்மை. கையெழுத்துப் போடுமுன் அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். 2011இல் டிப்ளமோ முடித்தவர். பிரசவ ரத்தப்போக்குக்கு 3 மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகப் பரிந்துரைத்தது 2017இல். மருந்து எங்கள் அலமாரியில்தான் இருந்தது. அதை எப்போது எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்களிடம் சேர்ந்த பிறகு அவர் போன வெளிவகுப்பு ஒன்றுகூட இல்லை.

மெமோ கொடுத்தால் அடுத்த முறை மற்றவர்கள் சார்ட்டில் நேரத்தைத் திருத்தி எழுதுவார்கள் என்று அறக்கட்டளைச் செயலரிடம் சொன்னேன். டாக்டரும் என் பக்கம் நின்றார். மெமோ போகவில்லை. அதற்குப் பதில் எல்லோருடைய பயிற்சி விவரத்தையும் எடுத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

31 செவிலியரில் 19 பேர் மூன்றாண்டுகளாக எந்த வெளிவகுப்புக்கும் போகவில்லை. போனவர்கள் பெரும்பாலும் பகல் டியூட்டிக்காரர்களும் கல்யாணமாகாதவர்களும். அதிகம் நைட் பார்க்கிறவர்கள் ஒருவரும் போகவில்லை. 2025 முடிவதற்குள் பதிவு புதுப்பிக்க வேண்டியவர்கள் 11 பேர்.

முதல் திட்டம்: 2023 செப்டம்பர் முதல் 2024 பிப்ரவரி வரை

அறக்கட்டளை ஆண்டுக்கு ரூ.1,50,000 ஒதுக்கியது. சிறிய மருத்துவமனைக்கு இது சின்னத் தொகை இல்லை. மனமுவந்துதான் கொடுத்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். விதிகளை நானும் கணக்குப் பிரிவும் உட்கார்ந்து எழுதினோம். ஒரு செவிலியருக்கு ஆண்டுக்கு ரூ.3,000 வரை. முதலில் அவர் கட்ட வேண்டும், சான்றிதழும் ரசீதும் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். வகுப்பு நாள் தற்செயல் விடுப்பில் கழியும். அசல் சான்றிதழை மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. ஒருவர் படித்து வாங்கிய தாளைப் பிடித்து வைப்பது தவறு என்று சொல்லி அதை மட்டும் எடுக்க வைத்தேன். மற்ற விதிகள் நியாயமாகவே தோன்றின.

ஆறு மாதத்தில் 4 பேர் விண்ணப்பித்துப் பணம் வாங்கினார்கள். செலவு ரூ.9,400.

பிப்ரவரி கூட்டத்தில் செயலர், “பணம் கொடுத்தாலும் படிக்க ஆர்வம் இல்லையே” என்று வருத்தப்பட்டார். மீதியைக் கட்டில் வாங்கத் திருப்பிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. மூன்று மாதம் அவகாசம் கேட்டேன். அப்புறம்தான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினேன்.

ஏன் யாரும் வரவில்லை

முதல் காரணம் வெள்ளத்தில் இருந்தது. 2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை, திருநெல்வேலியில் ஒரு நாள் வகுப்பு. எங்கள் நர்ஸ்கள் மூன்று பேர் ஆளுக்கு ரூ.1,200 கட்டியிருந்தார்கள். 17ஆம் தேதி பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் தண்ணீருக்குள் போய்விட்டது. வகுப்பு நடக்கவில்லை. நடத்த இருந்தவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை. எங்கள் கணக்குப் பிரிவோ, சான்றிதழ் இல்லாமல் பணம் இல்லை என்று விதியைக் காட்டியது. அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. மூவரில் ஒருவர் சொன்னது: “வெள்ளம் வந்ததுக்கு நான் என்ன செய்ய முடியும்க்கா? ஆயிரத்து இருநூறு ரூவா போனது போனதுதான்.” அவருடைய மாதச் சம்பளம் ரூ.14,000. இந்தக் கதை இரண்டே நாளில் எல்லா வார்டுக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு விண்ணப்பமும் வரவில்லை. என் காதுக்கு வந்து சேர மட்டும் இரண்டு மாதம் ஆயிற்று.

இரண்டாவது, மாற்று டியூட்டி. ஒருவர் வகுப்புக்குப் போனால் அவருடைய டியூட்டியை இன்னொருவர் பார்க்க வேண்டும். பார்த்தவருக்கு அது கடன். ஞாயிற்றுக்கிழமையாகவோ, கோயில் கொடை நாளாகவோ, பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிற நாளாகவோ அதைத் திருப்பிக் கேட்பார். ஒரு மூத்த சிஸ்டர், “கிளாஸுக்குப் போயிட்டு வந்தா மூணு மாசத்துக்கு டியூட்டிக் கடன்தான் அடைக்கணும், அதுக்குப் போகாமலே இருந்துரலாம்லா” என்றார். எங்கள் திட்டத்தில் வகுப்புக் கட்டணத்துக்கு இடம் இருந்தது, அவர் இடத்தில் நிற்கப்போகும் ஆளுக்கு இடமில்லை. பயிற்சிக்கு உண்மையான செலவு எது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பாபநாசம், கடையம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒன்பது மணி வகுப்புக்கு ஆறரைக்கே பஸ் பிடிக்க வேண்டும். நைட் முடித்துவிட்டு நேராக வகுப்புக்குப் போன ஒருவர் பிற்பகல் முழுக்கத் தூங்கி வழிந்ததாக அவரே சொன்னார். பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வியைப் பத்துப் பேராவது கேட்டார்கள்.

கடைசியாக டயாலிசிஸ் டெக்னீஷியன் வந்தார். தனக்கு இதில் இடம் உண்டா என்று கேட்டார். விதியில் ‘செவிலியர்’ என்றுதான் எழுதியிருந்தோம். செவிலியருக்கு மணிக்கணக்கு இருக்கிறது, இவர்களுக்கு இல்லை என்று நினைத்து விட்டுவிட்டோம். சென்னை மாகாணத்தில் 1926லேயே செவிலியர், தாதியருக்கென்று சட்டம் வந்துவிட்டது. டயாலிசிஸ், லேப், பிசியோதெரபி போன்ற துணைத் தொழில்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த தேசியச் சட்டம் 2021இல்தான் வந்தது. அந்த நெடுங்காலப் பாராமுகத்தை எங்கள் ஒரு பக்க விதியிலும் நாங்கள் அப்படியே தொடர்ந்திருக்கிறோம்.

இரண்டாம் திட்டம்: 2024 ஏப்ரல் முதல்

மிச்சமிருந்த ரூ.1,40,600ஐ வைத்தே மறுபடி தொடங்கினோம். பெரும்பகுதியை மாற்று ஆளுக்கென்று ஒதுக்கினோம். ஓய்வு பெற்ற இரண்டு சிஸ்டர்களும், பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்டிருந்த ஒருவரும் ஒரு ஷிப்டுக்கு ரூ.700க்கு வர ஒப்புக்கொண்டார்கள். மூவரையும் முதலில் ஒரு வாரம் வார்டில் சுற்றவிட்டு, மருந்து அலமாரி, அவசரத் தட்டு எல்லாம் பழக்கினோம். இதைச் செய்யாமல் புதிய ஆளை டியூட்டியில் நிறுத்துவது ஆபத்து.

வகுப்பு நாள் டியூட்டி நாள் ஆயிற்று. முந்தின நாள் மாலையே கட்டணமும் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கையில் கொடுத்துவிடுவோம். வகுப்பு ரத்தானால் நஷ்டம் மருத்துவமனைக்கு. வெள்ளத்தில் போன மூவரின் பணத்தையும் முதல் வவுச்சரிலேயே கொடுத்துவிட்டோம். நைட் முடித்தவரை அன்றைக்கு வகுப்புக்கு அனுப்புவதில்லை. துணைப் பணியாளர் 12 பேருக்கும் அதே உரிமை.

மருத்துவமனைக்குள்ளேயும் வகுப்பு வைத்தோம். பிற்பகல் 2 மணிக்குக் காலை ஷிப்டும் மாலை ஷிப்டும் கைமாறும் நேரத்தில் 40 நிமிடம். அதே வகுப்பை ஒரே வாரத்தில் மூன்று முறை எடுத்தோம், சுற்றி வருகிற எல்லோருக்கும் கிடைக்கும்படி. முதல் பாடம் ரத்தப்போக்கை அளப்பது. 2023 மே மாதம் ஒரு பெரிய ஆய்வு வெளியாகியிருந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் உறையில் ரத்தத்தைப் பிடித்து அளந்து, கோட்டைத் தொட்டதும் கர்ப்பப்பை மசாஜ், மருந்துகள், டிரானெக்ஸாமிக் ஆசிட், நரம்பு வழித் திரவம், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்துச் செய்தபோது கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. அந்த உறைகளை வாங்கினோம். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரைப் பேடுகளில் ஊற்றி, எவ்வளவு என்று எல்லோரையும் எழுதச் சொன்னோம். 700 மில்லி ஊற்றிய தட்டுக்கு டாக்டர் உள்பட ஒருவரும் 500க்கு மேல் எழுதவில்லை. பிறகு எடை போட்டுக் காட்டினோம். ஜூலை இரவில் டியூட்டியில் இருந்த நர்ஸ் அந்த வகுப்பில் கடைசி வரிசையில் நின்றார். அவர் 300 என்று எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்தவரும் 300தான். அந்த ஜூலை நர்ஸ் தலை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

டயாலிசிஸ் அறை

டயாலிசிஸ் டெக்னீஷியன் மதுரைக்கு இரண்டு நாள் வகுப்புக்குப் போனார். ஆறு ஆண்டுகளாக எங்களிடம் இருப்பவர். முதல் முறையாக வெளியே போகிறார்.

ஒரு நோயாளிக்கு 4 மணி நேர டயாலிசிஸில் சுமார் 120 லிட்டர் தண்ணீர் ரத்தத்துக்கு ஒரு மெல்லிய சவ்வு தூரத்தில் ஓடுகிறது. குடிநீரில் இருக்கிற குளோரின் குடிப்பவருக்கு ஒன்றும் செய்யாது. டயாலிசிஸ் தண்ணீரில் தங்கிவிட்டால் ரத்த அணுக்களையே உடைக்கும். அதனால் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளோரினைப் பிடிப்பது கார்பன் தொட்டி. அது எப்போது சோர்ந்து போகும் என்று வெளியே தெரியாது. ஆகவே தொட்டிக்கு அடுத்த குழாயில், ஷிப்ட் தொடங்கும் முன் சோதிக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் ‘குளோரின்’ என்ற கட்டத்தில் தினமும் ஒரு டிக் இருந்தது. முன்னவர் போட்டார், இவரும் போட்டார். சோதனைத் தாள் மருத்துவமனையிலேயே இல்லை. இதை அவரே வந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

தாள் வாங்கினோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக வந்த ஒரு வாரத்தில், காலை 5.45க்குத் தாளின் நிறம் மாறியது. கார்பன் தொட்டிக்கு அப்புறமும் குளோரின் வந்துகொண்டிருந்தது. நான்கு நோயாளிகள் படுக்கையில் தயாராக இருந்தார்கள். அவர் மெஷினைப் போடவில்லை. முக்கூடலிலிருந்து ஆட்டோ வைத்து வந்தவர்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, டாக்டருக்கும் எனக்கும் போன் செய்தார். இரண்டு பேரை அவசரம் கருதி வேறு இடத்துக்கு அனுப்பினோம், மற்ற இருவருக்கும் மறுநாள் செய்தோம். கார்பனை மாற்றிய பிறகுதான் மெஷின் ஓடியது. யாருக்கும் பாதிப்பு இல்லை. அந்த வகுப்புக்குக் கட்டணம், பஸ், தங்கல் எல்லாம் சேர்த்து ரூ.4,000க்குள்தான் ஆனது.

2025 மார்ச் வரை என்ன ஆயிற்று

26 செவிலியரும் 7 துணைப் பணியாளரும் ஒரு வகுப்புக்காவது போய் வந்தார்கள். மாற்று ஆளுக்கு 88 ஷிப்ட், ரூ.61,600. வகுப்புக் கட்டணம் ரூ.43,000. பயணம், சாப்பாடு ரூ.15,200. உறைகளும் பயிற்சிப் பொருள்களும் ரூ.14,000. ஆக ரூ.1,33,800. ஆர்வமில்லை என்று சொல்லப்பட்ட அதே ஆட்கள்தான் இவர்கள்.

2024 நவம்பரில் இன்னொரு பிரசவத்தில் உறையின் 500 கோட்டை ரத்தம் தொட்டதும் நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டு, காத்திராமல் மசாஜைத் தொடங்கினார். மருந்து 15 நிமிடத்துக்குள் போயிற்று, ஐகிரவுண்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஒரு சம்பவத்தை வைத்துப் பெருமை பேச முடியாது. சார்ட்டில் ‘மிதம்’ என்ற சொல் இல்லை, எண் இருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மணிக்கணக்கில் நாங்கள் பின்தங்கியே இருக்கிறோம். புதுப்பிக்க வேண்டிய 11 பேரில் மார்ச் வரை 5 பேர்தான் 150 மணி நேரத்தை எட்டினார்கள். மூன்று ஆண்டு சும்மா இருந்துவிட்டு ஓர் ஆண்டில் ஓடிப் பிடிக்க முடியவில்லை. உள்வகுப்புகளுக்கு நாங்கள் குழுமத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லை, அதனால் மிகவும் பயன்பட்ட வகுப்புகளே கணக்கில் வராமல் போயின. அந்தப் பிழை என்னுடையது.

இதய உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழை எங்கள் நிதியில் வாங்கிய ஒருவர் நான்கு மாதத்தில் வளைகுடாவுக்குப் போய்விட்டார். பயிற்சி பெற்றவர் இவ்வளவு காலம் இங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தப் பேச்சு வந்தது. நீண்ட நேரம் பேசி, ரூ.5,000க்கு மேல் செலவாகும் படிப்புக்கு மட்டும் ஓராண்டு எழுத்துறுதி, இடையில் போனால் மீதி மாதத்துக்கான தொகை, சான்றிதழைப் பிடிப்பதில்லை என்று முடிவு செய்தோம். போனவர் மீது எனக்குக் கோபம் இல்லை. 14,000 சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர்.

ஜூலை இரவின் நர்ஸ் லேபர் ரூமுக்குத் திரும்பவில்லை. பொது வார்டே போதும் என்று எழுதிக் கொடுத்தார். வகுப்புகளுக்குத் தவறாமல் வருகிறார், நான் வற்புறுத்தவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

ஜூலை சம்பவம் நடந்த மறுநாளே அந்த நர்ஸுக்குத் துணையாக ஒருவரை உட்கார வைத்துப் பேச வைத்திருக்க வேண்டும். மெமோவைத் தடுத்ததோடு என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

திட்டம் எழுதுமுன் வார்டில் கேட்க வேண்டும். விதிக் குழுவில் நைட் பார்க்கும் ஒருவரும் ஒரு டெக்னீஷியனும் இப்போது இருக்கிறார்கள். ஒவ்வொருவரின் மணிக்கணக்கையும் சேர்ந்த மாதத்திலிருந்தே ஆண்டுக்கு 30 என்று வைத்துப் பார்க்கிறோம். ஆண்டு வகுப்புப் பட்டியலைக் குழுமத்தின் ஒப்புதலுக்கு முன்கூட்டியே அனுப்புகிறோம். 2025–26க்கு அறக்கட்டளை ரூ.2,10,000 ஒதுக்கியிருக்கிறது, அதில் மாற்று ஆளுக்கு மட்டும் ரூ.90,000.

ஒரு முடிவை மட்டும் திருத்த முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் 2024 ஜூனில் பக்கவாத மறுவாழ்வுப் பயிற்சிக்கு ரூ.12,000 கேட்டார். ஒரே ஆளுக்கு இவ்வளவா என்று குழு தயங்கியது. நானும் பேசாமல் இருந்தேன். அவரால் நடக்கப் பழகிய நோயாளிகள் வாரம்தோறும் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் பேசாமல் இருந்தேன். நவம்பரில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். முழுநேர ஆள் இன்னும் கிடைக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்து போகிறார், பிசியோதெரபி அறை வாரத்தில் மூன்று நாள்தான் திறந்திருக்கிறது.